காவுவதும் காப்பதும்

சில பெயர்கள் தாம் குறிக்கும் பொருளின் பழைய நிலையை மட்டுமே சொல்லி நின்றுவிடுகின்றன. 'நோயாளர் காவு வண்டி' என்ற பெயர் அத்தகையது. காவுதல் என்பது தோளிற் சுமந்து செல்லுதல். காவடி என்ற சொல்லிலே அவ்வேர் இன்றும் விளங்குகின்றது. யாழ்ப்பாணத்திலே "பிள்ளையைக் காவிக்கொண்டு போனான்" என்று பேச்சு வழக்கிற் கூறுவதை யாவரும் கேட்டிருப்பர். ஆகவே, நோயாளரைச் சுமந்து செல்லும் வண்டி என்பதே அப்பெயரின் பொருள். பெயர் பொருத்தமானதுதான்; ஆயின் அரைவாசி உண்மையையே அது கூறுகின்றது. அவ்வண்டியினுள்ளே இருப்பவர் நோயாளரைக் காவுவதோடு நின்றுவிடுவதில்லை. வைத்தியசாலை வாயிலை அடையும்வரை அவர் உயிரைக் காப்பதும் அவருடைய கடமையாகும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நம்மவர் பலர் இன்னும் உணர்ந்தாரில்லை. அதுபற்றியே இவ்வாரம் சில சொல்ல விழைகின்றோம்.

நம் பாட்டனார் காலத்தில் ஒருவர் திடீரென நோயுற்றால், சாய்மனைக் கதிரையிலே கிடத்தி நால்வர் தூக்கிச் செல்வர். அல்லது மாட்டுவண்டிலில் வைக்கோல் பரப்பி ஏற்றுவர். பின்னர் அயல்வீட்டுக் கார் வந்தது. அதன்பின் சந்தியிலே நிற்கும் முச்சக்கர வண்டி வந்தது. இவை யாவும் அயலவரின் அன்புக்குச் சான்றுகள். அவற்றை நாம் குறைகூறப் போவதில்லை. எனினும் அன்பு ஒன்றே போதாத இடங்களும் உலகில் உள. மரத்தால் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தவரை நாற்புறமும் பற்றி, முச்சக்கர வண்டியின் சிறிய இருக்கையிலே மடக்கி ஏற்றும்போது, எலும்பினூடே செல்லும் முண்ணாண் சிதைந்துபோகலாம். எழுந்து நடந்திருக்க வேண்டியவர் ஆயுள் முழுவதும் படுக்கையிற் கிடக்க நேரலாம். மயங்கிக் கிடப்பவரை மல்லாத்திக் கிடத்தி விரைந்து ஓட்டிச் சென்றால், நாக்குப் பின்வாங்கியோ வாந்தி அடைத்தோ வழியிலேயே மூச்சு நின்றுபோகலாம். உடலை விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு உயிரை வழியிலே தவறவிட்ட நிகழ்ச்சிகள் நம் ஊர்களில் எத்தனையோ!

திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்துக்கு உறுப்புக்கள் நான்கு என்று வகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்பனவே அந்நான்கு. முதல் மூன்றையும் நாம் நன்கு அறிவோம். நோயுற்றவருக்காக நேர்த்தி வைக்கின்றோம். வைத்தியரைக் கைகூப்பி வணங்குகின்றோம். மருந்துக்குக் கடன்பட்டேனும் காசு தேடுகின்றோம். நான்காமவரைத்தான் மறந்துவிடுகின்றோம். ஆனால் அவசர வேளையிலே, மற்றையோர் எவரும் வருமுன்னர், நோயாளியின் அருகே வந்து நிலத்திலே முழந்தாளிட்டு இருப்பவர் அந்த நான்காமவரே.

சேவை வளர்ந்த கதை

இத்தொழிலின் தொடக்கம் போர்க்களத்திலே உள்ளது. 1790களில் பிரெஞ்சுப் படையில் அறுவை வைத்தியராயிருந்த டொமினிக் ழான் லறே என்பவர், காயமுற்ற வீரர்கள் சண்டை ஓயும்வரை களத்திலே கிடந்து மடிவதைக் கண்டு மனம் பொறாதவரானார். குதிரைகள் பூட்டிய இலகுவான வண்டிகளை அமைத்து, சண்டை நடக்கும்போதே அவர்களை எடுத்துவர வழிசெய்தார். 'பறக்கும் அம்புலன்ஸ்' என்று அவற்றுக்குப் பெயர் வழங்கிற்று. படைத்தலைவனா சாதாரண வீரனா என்று பாராது, காயத்தின் கடுமையைக் கொண்டே யாருக்கு முதலிற் சிகிச்சை என்பதைத் தீர்மானித்தவரும் அவரே. அவர் வகுத்த அந்நெறி இன்றுவரை மாறவில்லை.

அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, பொதுமக்களிடையே இவ்வண்டி பெரும்பாலும் சுமை வண்டியாகவே இருந்துவந்தது. அமெரிக்கா போன்ற செல்வ நாட்டிலேகூட, 1960கள் வரையிற் பல ஊர்களில் பிரேத வண்டி வைத்திருந்தவர்களே நோயாளரையும் ஏற்றிச் சென்றனர். ஒருவரைப் படுத்த நிலையிற் கொண்டு செல்லத்தக்க நீண்ட வண்டி அவர்களிடமே இருந்தது என்பதே அதற்குக் காரணம்!

இந்நிலையை மாற்றியவர்களுள் இருவரைக் குறிப்பிடல் வேண்டும். வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரிலே இருதய வைத்தியராயிருந்த பிராங்க் பன்றிட்ஜ் என்பவர், மாரடைப்பால் இறப்போரிற் பலர் வைத்தியசாலையை அடையுமுன்னரே இறக்கின்றனர் என்பதைக் கண்டார். நோயாளி வரும்வரை காத்திராமல், இருதயத்தை மின்னதிர்ச்சியால் மீள இயக்கும் கருவியை வண்டியிலேற்றி நோயாளியிடமே அனுப்பும் முறையை 1966இல் தொடக்கினார். மற்றையவர் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்துப் பேராசிரியர் பீற்றர் சாபர். மூச்சு நின்றவருக்கு வாய்வழியே மூச்சூட்டும் முறையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் அவர். 1966இல் அவருடைய இளம் மகள் ஆஸ்துமா நோயால் இறந்தாள். அடுத்த ஆண்டிலே அந்நகரில் 'பிறீடம் ஹவுஸ்' என்ற அவசர வண்டிச் சேவை அமைந்தபோது, அதற்கு வேண்டிய பயிற்சியை அவரே வகுத்தளித்தார். பயிற்சி பெற்றவர்கள் யாவர்? அந்நகரின் வறிய பகுதியிலே வேலையின்றித் திரிந்த கறுப்பின மக்கள். உதவாதவர்கள் என்று ஊரார் ஒதுக்கிவைத்த அவர்களே, பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய ஒரு தொழிலுக்கு முன்னோடிகளாயினர்.

தென்னாசியாவிலே இச்சேவை பெரிய அளவில் வேரூன்றியது அண்மைக் காலத்திலேயே. இந்தியாவின் ஐதராபாத் நகரில் 2005 ஓகஸ்ட் 15இல் '108' என்ற இலக்கத்துடன் தொடங்கிய சேவை, பின்னர் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களுக்குப் பரவியது. அதனைப் பின்பற்றி, இந்திய அரசின் நன்கொடையுடன், 2016 ஜூலையில் நம் நாட்டின் மேல், தென் மாகாணங்களிலே 88 வண்டிகளுடன் '1990 சுவசெரிய' சேவை ஆரம்பமாயிற்று. முதற்கண் தெரிவு செய்யப்பட்ட இளைஞர்கள் ஐதராபாத்திலேயே பயிற்சி பெற்றனர். இரண்டாங் கட்டம் 2018 ஜூலை 21இல் யாழ்ப்பாணத்திலே தொடங்கி வைக்கப்பட்டது. மேலும் 209 வண்டிகள் சேர, ஏனைய மாகாணங்களுக்கும் சேவை விரிந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் இதற்கென ஒரு மன்றமும் நிறுவப்பட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைப்பவர் தமிழிலேயே பேசலாம். காசு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. செல்வர்க்கும் வறியோர்க்கும் ஒரே வண்டி, ஒரே படுக்கை.

ஒரு நாட் பணி

எமது கல்லூரியின் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவரொருவர் இப்பணியிலே இருக்கின்றார். வைத்திய பீடத்துக்கு வேண்டிய புள்ளி சிறிதளவால் தவறிப்போக, சிலகாலம் மனமுடைந்திருந்து, பின்னர் இத்தொழிலுக்குச் சென்றவர் அவர். அண்மையில் எம்மைக் காண வந்தபோது, அவருடைய வேலையைப்பற்றி விரிவாகக் கேட்டறிந்தோம்.

ஒரு வண்டிக்கு இருவர். ஒருவர் அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளர். மற்றவர் வண்டியைச் செலுத்துபவர். அவரைப் 'பைலட்' என்றே அழைக்கின்றனர். பகல், இரவு என்று முறைவைத்து வேலை செய்கின்றனர். முறை மாறும்போது முதல் வேலை, வண்டியிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தல். ஒட்சிசன் உருளையில் எவ்வளவு மீந்திருக்கின்றது? தொண்டையில் அடைத்ததை உறிஞ்சி எடுக்கும் கருவி இயங்குகின்றதா? இரத்த அழுத்தமும் இரத்தத்திலுள்ள சீனியும் பார்க்குங் கருவிகள், கழுத்தை அசையாது பிடிக்கும் பட்டை, முறிந்த எலும்புக்கு வைக்கும் மட்டைகள், பிரசவத்துக்கு வேண்டிய பொதி யாவும் தத்தம் இடத்தில் உள்ளனவா? நள்ளிரவிலே, ஓடும் வண்டியிலே, கண்ணாற் பாராமற் கையை நீட்டினாலும் வேண்டிய பொருள் வேண்டிய இடத்தில் இருத்தல் வேண்டும். நம் இல்லத்தரசிகள் அடுக்களையில் உப்புச் சிரட்டை எங்கே, புளிப்பானை எங்கே என்று இருட்டிலும் அறிவதைப் போன்றதே இது.

வண்டி பெரும்பாலும் பொலிசு நிலையத்தின் முற்றத்திலோ அதுபோன்ற பொது இடத்திலோ தரித்து நிற்கும். அழைப்பு நேராக அங்கே வருவதில்லை. கொழும்புப் பகுதியிலுள்ள நடு நிலையமொன்று அழைப்பை ஏற்று, வேண்டியவற்றை வினாவி, அருகிலுள்ள வண்டிக்கு அறிவிக்கும். அழைப்பவரிற் பலர் பதறிப்போய், "கெதியா வாருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுகின்றனராம். எங்கே வருவது? வேறு சிலர் இடத்தைச் சொல்வர். "அம்மன் கோயிலடி" என்று. யாழ்ப்பாணத்திலே அம்மன் கோயிலடிகள் எத்தனை என்று எண்ணியவர் யார்?

"அதுதான் எங்களுக்குப் பெரிய கஷ்டம், சேர்," என்றார் அவர். "ஓட்டத்திலை பிந்திறது குறைவு. ஒழுங்கை பிடிபடாமல் நிண்டுதான் கூடப் பிந்திறம்."

ஒரு முறையிலே என்னென்ன நிகழக்கூடும் என்று கேட்டோம். காலையில் ஒரு முதியவர். நீரிழிவுக்கு மருந்தெடுத்துவிட்டு உணவருந்தாது விட்டதால் வியர்த்து மயங்கிக் கிடக்கின்றார். நண்பகலில் ஏ9 வீதியில் மோட்டார்ச் சைக்கிள் விபத்து. மாலையிற் தோட்டத்திலே புல் வெட்டிய பெண்ணுக்குப் பாம்புக்கடி. நள்ளிரவில் ஒரு கர்ப்பிணி. வைத்தியசாலை வரும்வரை பிள்ளை பொறுத்திராது போலிருக்கின்றது. விடியற்காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையிலே குந்தியிருக்கும் ஒருவர். "வாய்வுக் குத்து, பெருங்காயம் குடித்தாற் போய்விடும்" என்று வீட்டார் சொல்லச் சொல்ல, அவர் முகம் வெளிறிக்கொண்டு போகின்றது. உணவுப் பொதியை அவிழ்த்த கையோடு விட்டெழுந்த நாட்கள் கணக்கில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இவற்றுள் விபத்து நடந்த இடத்தில் அவர் செய்வதை மட்டும் சிறிது விரித்துரைப்போம். வண்டியால் இறங்கியவுடன் அவர் ஓடுவதில்லை. முதலிற் சுற்றுமுற்றும் பார்க்கின்றார். எண்ணெய் சிந்தியிருக்கின்றதா, மின்கம்பி அறுந்து கிடக்கின்றதா, பின்னால் வரும் வாகனங்கள் நிறுத்தப்பட்டுள்ளனவா என்பதைக் கவனிக்கின்றார். காப்பவர் தாமே வீழ்ந்துவிட்டால் அங்கே நோயாளர் ஒருவர் கூடுவதன்றிப் பயனில்லை. பின்னர் காயமுற்றோரை நோக்குகின்றார். இரத்தம் வழிய உரத்துக் கதறுபவர் ஒருவர். சற்றுத் தள்ளிச் சத்தமின்றிக் கிடப்பவர் ஒருவர். கூடிநிற்போர் யாவரும் கதறுபவரையே காட்டுகின்றனர். அவரோ சத்தமற்றுக் கிடப்பவரிடமே முதலிற் செல்கின்றார். கதறுபவருக்கு மூச்சிருக்கின்றது என்பதை அக்கதறலே சொல்லிவிட்டது. மௌனமாய்க் கிடப்பவரிடம் அது நிச்சயமில்லை. மூச்சுப் பாதை திறந்துள்ளதா, மூச்சு ஓடுகின்றதா, இரத்தம் பெருகுகின்றதா என்ற ஒழுங்கிலே சில வினாடிகளிற் சோதிக்கின்றார். கழுத்திற்குப் பட்டை இட்டபின், தலையும் முதுகும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி பலகையிலே ஏற்றுகின்றார். பார்ப்பவர்க்கு இது தாமதமாகத் தோன்றும். "என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்? தூக்கும்!" என்று கூட்டத்திலே அதட்டுவோரும் உண்டு. தூக்காமல் நின்ற அந்த இரண்டு நிமிடத்திலேதான் ஒருவருடைய கால்கள் காப்பாற்றப்பட்டன என்பதை அதட்டியவர் அறியார்.

"சைரன் சத்தமெல்லாம் வெளியிலைதான், சேர்," என்றார் அவர். "உள்ளுக்கை நாங்கள் மெல்லமாத்தான் கதைக்கிறம். எங்கடை குரல் பதறினால் அவையும் பதறிப்போவினம்."

இச்சொற்கள் எம் மனத்திலே ஆழப் பதிந்தன. வேகம் வண்டிக்குரியது, நிதானம் மனிதருக்குரியது. இவ்விரண்டும் ஓரிடத்திலே கூடும்போதுதான் காவுதல் காத்தலாக மாறுகின்றது.

முடிவறியாத பணி

இத்தொழிலுக்கேயுரிய ஒரு துயரமுண்டு. வைத்தியர் தம் நோயாளி தேறி வீடு செல்வதைக் காண்கின்றார். தாதியர் காண்கின்றனர். ஆசிரியராகிய நாமும் எம் மாணவர் வளர்ந்து உயர்வதைக் கண்டு மகிழ்கின்றோம். ஆனால் இவரோ, பெரும்பாலும் அரைமணி நேரமோ ஒருமணி நேரமோ ஒருவரது உயிரைத் தம் கையிலே ஏந்தியிருந்து, அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் அவசரப் பகுதியில் ஒப்படைத்துவிட்டுத் திரும்புகின்றார். அதற்குமேல் என்ன நிகழ்ந்தது என்பதை அறிய அவருக்கு நேரமில்லை; அடுத்த அழைப்பு வந்துவிடுகின்றது. முதல் அத்தியாயத்தை மட்டும் வாசித்துவிட்டு மூடிவைத்த நூல்கள் நூற்றுக்கணக்கில் அவர் நெஞ்சிலே அடுக்கியிருக்கின்றன. பிழைத்தவர் வைத்தியருக்கு நன்றி கூறுவார்; கோயிலுக்குச் சென்று அருச்சனை செய்வார். இவருடைய முகம் அவருக்கு நினைவிராது. மயங்கிக் கிடந்தவருக்கு நினைவிருத்தல் எங்ஙனம் இயலும்?

இனிக் காப்பாற்ற முடியாமற் போகும் வேளைகளும் உண்டு. அப்போது இறந்தவரின் தாயோ மனைவியோ முதன்முதல் நோக்குவது இவருடைய முகத்தையே. அந்நோக்கைத் தாங்கிக்கொண்டு, வண்டியைக் கழுவி, விரிப்பை மாற்றி, அடுத்தவரிடம் புன்முறுவலோடு செல்ல வேண்டும். இதற்கு வேண்டிய மனத்திண்மை எந்தப் பாடநூலிலும் இல்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலே குண்டுகள் வெடித்து 250இற்கு மேற்பட்டோர் மாண்டபோது, இச்சேவையைச் சேர்ந்தோர் அந்த இரத்த வெள்ளத்தினிடையே நின்று பணியாற்றினர். 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொவிட் நோய் பரவியபோது, உறவினரே நெருங்க அஞ்சிய நோயாளரை, வெப்பம் புழுங்கும் காப்பு உடைகளை அணிந்து ஏற்றிச் சென்றோரும் இவர்களே. இப்பணியிலே பெண்களும் சமமாக நிற்கின்றனர் என்பதை எம் மாணவிகள் கவனித்தல் வேண்டும்.

நமது பங்கு

இவ்வளவும் கூறியபின், ஓர் உண்மையை மறைத்தலாகாது. எவ்வளவு விரைவாக வந்தாலும் வண்டி வந்துசேரச் சில நிமிடங்கள் செல்லும். இருதயம் நின்றுவிட்டாலோ, நான்கைந்து நிமிடங்களுள் மூளை பழுதடையத் தொடங்கும். இவ்விரு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் அருகிலே நிற்கும் நாமேதாம். ஆகவே வள்ளுவர் கூறிய நான்காமவரின் பணி, வண்டி வரும்வரை நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்றது.

அழைத்துப் பேசியும் அசைவின்றி, ஒழுங்கான மூச்சும் இன்றிக் கிடக்கும் ஒருவரைக் கண்டால், முதலில் 1990ஐ அழையுங்கள். பின்னர் அவரைக் கெட்டியான தரையிற் கிடத்தி, நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காது அழுத்துங்கள். வளர்ந்தவராயின் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், அஃதாவது ஏறக்குறைய 2 அங்குலம், நெஞ்சு தாழ வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வண்டி வரும்வரை நிறுத்தலாகாது. களைத்தால் மற்றொருவர் மாறிக்கொள்ளலாம். தக்க பயிற்சியாளரிடம் ஒருமுறை நேரிற் பழகிக்கொள்வது இன்னும் நன்று.

இரத்தம் பெருகுமிடத்திலே சுத்தமான துணியை வைத்து விடாது அழுத்திப் பிடியுங்கள். கோப்பித்தூளும் மஞ்சளும் அங்கே வேண்டாம். பாம்பு கடித்தவரை ஓடவிடாதீர்கள். கடிவாயைக் கீறவும், வாயால் உறிஞ்சவும், கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, மந்திரிப்பவரைத் தேடாது வைத்தியசாலைக்கே அனுப்புங்கள். நஞ்சை முறிக்கும் மருந்து அங்கேதான் உண்டு. பாம்பைத் துரத்திப் பிடிக்கப்போய் இரண்டாமவரும் கடியுண்ண வேண்டியதில்லை. தீப்பட்ட இடத்திலே பற்பசையும் நெய்யும் பூசாது, 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். வலிப்பு வந்தவர் கையிலே திறப்பைத் திணிக்கும் பழைய வழக்கத்தால் ஒரு பயனும் இல்லை. வாயினுள்ளே எதனையும் நுழைப்பது தீங்கே தரும். அவர் தலை மோதாதபடி அருகிலுள்ளவற்றை அகற்றி, வலிப்பு ஓய்ந்ததும் ஒருபக்கமாகச் சரித்துவிடுங்கள். ஒருவருடைய முகம் ஒருபுறம் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறினால், அது பாரிசவாதத்தின் அடையாளம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தக்கவர்களுக்கு நாலரை மணி நேரத்துள் ஏற்ற வேண்டும்; ஆகவே "படுத்தெழும்பினாற் சரியாகிவிடும்" என்று காத்திருத்தல் கூடாது.

வீட்டிலே செய்யத்தக்க சிறு காரியமொன்றும் உண்டு. வீட்டிலக்கம், ஒழுங்கையின் பெயர், அருகிலுள்ள பாடசாலை அல்லது கோயிலின் முழுப்பெயர், கிராமம் என்பவற்றை ஒரு தாளிலே தெளிவாக எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். பதற்றத்திலே சொந்த விலாசமும் மறந்துபோகும், சுவரிலுள்ளது மறவாது. அழைத்தபின் பிள்ளையொருவனைச் சந்திக்கு அனுப்பி, வண்டிக்கு வழிகாட்டச் செய்யுங்கள். இரவாயின் கையில் வெளிச்சம் கொடுத்தனுப்புங்கள். நோயாளியைச் சுற்றிக் கூட்டம் கூடாது பார்த்துக்கொள்ளுங்கள். கையடக்கத் தொலைபேசியிலே படம் பிடிப்போரை அப்பால் அனுப்புங்கள். விளையாட்டாக 1990ஐ அழைக்கும் சிறுவரைக் கண்டால், அன்போடும் கண்டிப்போடும் தடுங்கள். ஒரு பொய்யழைப்பிற்கு ஓடிய வண்டி, அவ்வேளையில் மெய்யாக அழைத்தவருக்கு இல்லாமற் போகின்றது.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். எம் மாணவர் விடைபெறும்போது, "டொக்டராக வரேல்லையே எண்டு அம்மா இண்டைக்கும் கவலைப்படுகிறா, சேர்," என்றார். அத்தாயின் ஏக்கத்தை நாம் அறிவோம். யாழ்ப்பாணத்திலே அது வீட்டுக்கு வீடு உள்ள ஏக்கம். வைத்தியர், பொறியியலாளர் என்ற இரு வாசல்களையன்றி வேறு வாசலே உலகில் இல்லையென்று பிள்ளைகளை வளர்த்து, அவ்வாசல் மூடியவுடன் அவர்களை இருளிலே விட்டுவிடுகின்றோம். உறவினர் வீட்டு மங்கல காரியங்களில், "மகன் என்ன செய்கிறார்?" என்ற வினாவுக்கு, "அம்புலன்சில் வேலை" என்று சொல்ல நாக் கூசுகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து, பயிற்சி பெற்ற பலர் இச்சேவையை விட்டு விலகினர். வெளிநாடு சென்றோரும் பலர். வேதனம் ஒரு காரணமாயின், நாம் கொடுக்காத மதிப்பு இன்னொரு காரணமாகாதா? வண்டிகளை அயல்நாடு நன்கொடையாகத் தரலாம். அவற்றினுள்ளே அமர்ந்து உயிர் காக்கும் மனிதரை அங்ஙனம் பெறவியலாது. அவர்களை நம் வீடுகளே பெற்றுத் தரவேண்டும். தம் பிள்ளை நாள்தோறும் ஓர் உயிரின் அருகே முழந்தாளிட்டு இருக்கின்றான் என்பதைத் தலைநிமிர்ந்து சொல்லும் தாயரும் தந்தையரும் நமக்கு வேண்டும்.

மாணவர்களே, தெருவிலே அவ்வொலி கேட்கும்போது சைக்கிளை ஓரமாக ஒதுக்கி நில்லுங்கள். உள்ளே படுத்திருப்பவர் எவர் என்பது உங்களுக்குத் தெரியாது. அருகிலிருந்து அவர் நாடியைப் பிடித்திருப்பவருக்கும் தெரியாது. முன்பின் அறியாத ஒருவருக்காகவே அவர் அங்கே அமர்ந்திருக்கின்றார்.